வினையேனும் நாமும்: ‘திருவாசகம் சிம்பொனி’யில் பெண்குரலின் இடம்

தமிழில் ‘நான்’ என்று பேசுபவர் ஆணா பெண்ணா என்பதை வினைமுற்று காட்டிக்கொடுக்காது. வந்தான், வந்தாள் என்று படர்க்கையில் கறாராகப் பால் பிரிக்கும் மொழி, ‘வந்தேன்’ என்னும் இடத்துக்கு வந்தவுடன் பிரிப்பதை விட்டுவிடுகிறது. தன்மையும் முன்னிலையும் பால் பகா என்பதை இலக்கண வகுப்பில் ஒரு சூத்திரமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். பக்தி இலக்கியத்தைப் பெண்ணாக வாசிக்கும்போதுதான் இந்த விதி எவ்வளவு பெரிய வாசல் என்று தெரிகிறது. மாணிக்கவாசகர் தம்மை ‘வினையேன்’ என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் நுழைய எனக்கு அனுமதி தேவைப்படுவதில்லை. எழுதியவர் பாண்டியனின் அமைச்சர், ஆண், அரண்மனையில் செல்வாக்குள்ளவர். சொல் மட்டும் எவருடையதாகவும் இருக்கிறது.

திருவாசகத்தை மேற்கத்திய வாத்தியக்குழுவோடு இணைத்து இளையராஜா உருவாக்கிய ‘திருவாசகம் சிம்பொனி’யை இந்த இலக்கணக் கதவு வழியாகக் கேட்டுப்பார்க்கும் முயற்சி இது. 2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் அந்தத் தொகுப்பு வெளியானபோது இசை விமர்சகர்கள் எழுப்பிய கேள்வி, ‘இது சிம்பொனிதானா?’ என்பது. குரலிசையும் கோரஸும் மையமாக இருப்பதால் மேற்கத்திய வகைப்பாட்டில் ஆரடோரியோ என்பதே பொருந்தும் என்றார்கள். அது சரியான கணிப்புதான். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றும் கேள்வி வேறு. அதில் பாடும் ‘நான்’ யார், ‘நாம்’ யார்?

தொகுப்பின் கட்டமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு பாடல்கள். சிவபுராணம், திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, அச்சப்பத்து, பிடித்த பத்து, யாத்திரைப்பத்து ஆகிய பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. வாசித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் லாஸ்லோ கோவாச். தமிழ் மையம் என்னும் அமைப்பின் வழியாக அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ் இதைச் சாத்தியப்படுத்தினார். ஆங்கில வரிகளைப் பகுதியாக எழுதியவர் அமெரிக்க இசைநாடக ஆசிரியர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ். சைவத் திருமுறை, கத்தோலிக்கப் பாதிரியார், ஹங்கேரிய வயலின்கள், அமெரிக்கக் குரல்கள், பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஓர் இசையமைப்பாளர். இந்தச் சேர்க்கையே தமிழ்ப் பண்பாட்டில் ஒரு நிகழ்வு.

இளையராஜா தம் பிறப்புச் சாதியை அடையாளமாக முன்வைத்துக்கொள்பவரல்லர். ஆனாலும் கேட்பவர்கள் அதை மறந்துவிட முடியாது. நந்தனாரைத் தீக்குள் இறக்கிய பிறகே உள்ளே விட்ட தில்லைதான் மாணிக்கவாசகர் கலந்த இடமாகவும் சொல்லப்படுகிறது. அந்தப் பாடல்களை, தலித் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தம் குரலில், தம் வாத்திய அமைப்பில், சபா உலகத்தின் தலைமைப் பீடமான ஓர் அரங்கில் வெளியிட்டார் என்பது சிறிய செய்தியல்ல. அதனால்தான் இந்தத் தொகுப்பைப் பற்றிப் பெண்ணிய நோக்கில் பேசுவது சங்கடமானதாக இருந்துவந்திருக்கிறது. ஒரு கலகத்தைக் கொண்டாடும்போது, அதற்குள் கலைக்கப்படாமல் இருப்பதைச் சொன்னால் நன்றிகெட்டதனமாகத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய படைப்பிடம்தான் பெரிய கேள்வியைக் கேட்க முடியும்.

2

தொகுப்பின் மிக நீண்ட பாடல் சிவபுராணத்திலிருந்து எடுத்த ‘பொல்லா வினையேன்’. ஏறத்தாழ இருபது நிமிடம். தமிழ்த் தனிக்குரலும் ஆங்கிலக் கோரஸும் மாறிமாறி வருகின்றன. கீழே கிடக்கும் ஒருவர் மேலே இருப்பதை எட்ட முயலும் தவிப்பை, வாத்தியங்கள் அடுக்கடுக்காக ஏறி இறங்கிக் காட்டுகின்றன. இசையமைப்பாக இது தொகுப்பின் உச்சம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழ் வரி முடியும் இடத்தில் ஆங்கிலக் குரல் எழும்போது, மொழிபெயர்ப்பு நடப்பதாகத் தோன்றாது. ஒரே ஆற்றாமை இரண்டு தொண்டைகளிலிருந்து வருவதாகத் தோன்றும்.

ஆனால் ஆங்கிலத்தில் அந்தக் குரல் தன்னை ஓர் ஆண் என்று அறிமுகம் செய்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மனிதன் என்றும் பொருள் உண்டே என்று சொல்லலாம். அந்த ‘மனிதன்’ என்பவனுக்குள் பெண் அடங்கிவிடுவாள் என்பது ஐரோப்பிய மொழிகளின் பழைய ஏற்பாடு. அதைக் கேள்விக்குள்ளாக்கியது அந்த மொழிகளின் பெண்கள்தாம். நம்மிடம் அந்தப் பிரச்சினையே இல்லாத ஒரு சொல் இருந்தது. ‘ஏன்’ விகுதி பால் காட்டாது. புல்லாய், புழுவாய், மரமாய், பலவகை உயிராய்ப் பிறந்து இளைத்ததாகச் சிவபுராணம் சொல்லும் அந்த உயிர், எல்லாப் பிறப்புகளையும் கடந்து வந்து நிற்கிறது. அத்தனை பிறவிகளில் பெண்ணாக ஒரு பிறவிகூடவா இல்லாமல் போயிருக்கும்? உலக அரங்குக்குத் திருவாசகத்தைக் கொண்டுபோன அதே நொடியில், அதன் மிகத் திறந்த சொல் ஒரு பாலுக்குள் அடைபட்டுவிட்டது.

இதை ஸ்வார்ட்ஸின் குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. அவருக்கு அவர் மொழி தந்தது அதுதான். தமிழிலிருந்து போகும் நாம், எது மொழிபெயர்ந்து போக வேண்டும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். ஜி.யு.போப் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த நாளிலிருந்து அதன் உருக்கத்தைப் பற்றியே பேசிவருகிறோம். எலும்பை உருக்கும் என்பது பழமொழியாகிவிட்டது. அதன் இலக்கணத்தில் இருக்கும் சமத்துவத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

3

திருவாசகத்தின் 51 பகுதிகளில், ஏழாவதான திருவெம்பாவையில் தொடங்கிப் பதினெட்டாவதான குயிற்பத்துவரை தொடர்ச்சியாகப் பன்னிரண்டு பகுதிகள் பெண்களின் விளையாட்டும் வேலையும் உரையாடலும் சார்ந்தவை. அம்மானை ஆடுகிறார்கள், சுண்ணம் இடிக்கிறார்கள், தும்பியைத் தூது விடுகிறார்கள், தெள்ளேணம் கொட்டுகிறார்கள், சாழல் சொல்கிறார்கள், பூக்கொய்கிறார்கள், உந்தி பறக்கிறார்கள், தோள்நோக்கம் ஆடுகிறார்கள், ஊசல் ஆடுகிறார்கள், அம்மாவிடம் மனத்தைச் சொல்கிறார்கள், குயிலை அழைக்கிறார்கள். ஓர் ஆண் கவி பெண்களின் பாட்டு வடிவங்களை வரிசையாக எடுத்துத் தம் பக்திக்கு உடலாக்கிக்கொண்டார். நாயகி பாவம் என்று ஒரு வார்த்தையில் இதைச் சொல்லி முடிப்பது எங்கள் துறையின் வழக்கம். எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. பாவம் என்பது உள்ளத்தைப் பற்றியது. இங்கே கவி எடுத்திருப்பது பெண்களின் தாளத்தை. தாளம் உடலிலிருந்து, அதிலும் வேலைசெய்யும் உடலிலிருந்து வருவது.

இந்தப் பன்னிரண்டிலிருந்து இளையராஜா எடுத்தவை இரண்டு. கோத்தும்பியில் அவர் குரலே முன்நிற்கிறது. பொற்சுண்ணத்தின் முதல் பாட்டான ‘முத்து நற்றாமம்’ பல குரல்கள் சேரும் கூட்டுப்பாட்டாக வருகிறது. பவதாரிணியின் குரலும் அதில் உண்டு.

பொற்சுண்ணம் என்பது இறைவனின் திருமஞ்சனத்துக்கான வாசனைப் பொடி. அதை உரலில் இட்டு இடிக்கும் பெண்கள் பாடுவதாக இருபது பாடல்கள். முதல் பாட்டே ஒரு வேலைப்பங்கீடு. மாலைகளைத் தொங்கவிடு, குடத்தை வை, தூபதீபம் எடு என்று ஏவல்கள் வருகின்றன. பிறகு நாமகள், நிலமகள், கௌரி, கங்கை என்று தெய்வப் பெண்களையும் பெயர் சொல்லி அழைத்து, உங்களுக்கும் வேலை இருக்கிறது வாருங்கள் என்கிறது பாட்டு. கோயிலில் கும்பிடப்படுபவர்களைக் கவரி வீசக் கூப்பிடும் இந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தமானது. ஒவ்வொரு பாடலும் இடிப்போம் நாம் என்ற கருத்தில் முடிகிறது. தமிழின் ‘நாம்’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் பன்மை. ‘நாங்கள்’ என்றால் வெளியே நிற்கலாம், ‘நாம்’ என்றால் உலக்கையைப் பிடித்தாக வேண்டும்.

ஒன்பதாம் பாட்டில் இந்தக் காட்சி அண்ட அளவுக்கு விரிகிறது. உலகம் முழுவதும் உரல். மேருமலை உலக்கை. இடிபடும் மஞ்சள், மெய். ஒரு பெரிய வாத்தியக்குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் தமிழில் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. எண்பது பேர் வாசிக்கும்போது எழும் அதிர்வு, மலையை உலக்கையாக்கி இடிக்கும் பெண்களின் அதிர்வாக இருந்திருக்கலாம்.

தொகுப்பில் நாம் கேட்பது ஒரு கொண்டாட்டம். வேகமும் பொலிவும் கூட்டுக்குரலின் நிறைவும் உண்டு, திருவிழாவுக்குள் நுழைந்த உணர்வு வருகிறது. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் குறை, அந்தக் கூட்டத்தில் உலக்கை கேட்கவில்லை என்பது. இடிக்கும் பாட்டு, விழாப்பாட்டாகிவிட்டது. ஆண்குரல்களும் கலந்து பாடுவதால் ‘நாம்’ விரிவடைகிறது என்று வாதிடலாம். அது நியாயமான வாதம். ஆனால் வேலைசெய்த கைகள் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு அமையும் ‘நாம்’ யாருக்கு விரிவு?

மூலத்தையும் விட்டுவிட முடியாது. இடிக்கும் பெண்களின் வளையல் ஓசையையும் மார்பின் அசைவையும் கண்ணின் அழகையும் திருப்பொற்சுண்ணம் மறக்காமல் சொல்லிக்கொண்டே போகிறது. தன் கையால் இடிக்கும் பெண் இப்படிப் பாடுவாளா? அவளுக்குத் தோள்வலி தெரியும், உள்ளங்கைக் காய்ப்பு தெரியும். மார்பு அசைவது எதிரே நின்று பார்ப்பவருக்குத்தான் முதலில் தெரியும். ‘நாம்’ என்று பேசும் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண் இருக்கிறது. பெண்குரலை எடுத்துக்கொண்ட கவி, பெண்ணின் பார்வையை எடுத்துக்கொள்ளவில்லை.

4

உலக்கைப் பாட்டுக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் உரல் குத்தியபடி தலைவனின் மலையைப் பாடும் வள்ளைப்பாட்டுகள் இருக்கின்றன. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையிலும் வள்ளைப்பாட்டு வருகிறது. இந்தத் தொடரில்தான் பொற்சுண்ணம் வந்து நிற்கிறது. வீட்டு உரலிலிருந்து கோயில் உரலுக்கு, நெல்லிலிருந்து வாசனைப் பொடிக்கு. வயிற்றுக்காகக் குத்தியவர்களின் பாட்டு, வழிபாட்டுக்காக இடிப்பவர்களின் பாட்டாக மேன்மைப்படுத்தப்பட்டது. மேன்மைப்படுத்துதல் என்பது பல சமயங்களில் வேலையை மறைத்தல்தான்.

நான் குடியிருக்கும் பெருங்குடியில், ஐ.டி. கட்டடங்களுக்குப் பின்னால் பழைய ஊர்த் தெருக்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். மாலையில் இரண்டு கிரைண்டர்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவே ஒருநாள் அவரிடம் உலக்கைப் பாட்டு பற்றிக் கேட்டேன்.

“பாட்டா? அதெல்லாம் எங்க ஆயா பாடும் டீச்சர். ரெண்டு பொம்பளைங்க ஒரே உரல்ல மாத்தி மாத்தி குத்துவாங்க. பாட்டு தப்புச்சுன்னா உலக்க கை மேல எறங்கிடும். அதுக்குத்தான் பாட்டு.”

“உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா அக்கா?”

“எனக்கு மில்லு வந்துடுச்சே. கிரைண்டரு தானா சுத்துது. நான் எதுக்குப் பாடணும்?”

நாட்டார் வழக்காற்றியல் பற்றிய வகுப்பில் தொழிற்பாடல் என்றால் களைப்புத் தெரியாமலிருக்கப் பாடுவது என்று எழுதச் சொல்கிறோம். அக்கா சொன்னது அதைவிடக் கூர்மையானது. தாளம் என்பது இரண்டு பெண்களுக்கிடையிலான பாதுகாப்பு ஏற்பாடு. என் உலக்கை ஏறும்போது உன் உலக்கை இறங்கும் என்ற நம்பிக்கை. வாத்தியக்குழு நடத்துநர் கோல் வீசிச் செய்வதை அவர்கள் மூச்சால் செய்திருக்கிறார்கள். மின்மோட்டார் வந்ததும் அந்த வேலையின் வலி போனது. அதற்காக நான் மோட்டாருக்கு நன்றி சொல்வேன். பாட்டு போயிற்றே என்று உரலின் பக்கத்தில் நின்று உருகுவது, உரல் குத்தாதவர்களுக்கு எளிது. வலி போகும்போது அதற்குள் இருந்த இசையறிவின் உரிமை யாருக்குப் போனது என்பதே என் கேள்வி.

5

மின்சாரம் இசைக்குள் வந்தபோதும் இதே கேள்வி வந்தது. திருவாசகம் தொகுப்பில் கேட்கும் குரல்களும் வாத்தியங்களும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக நின்று ஒலித்தவையல்ல. புடாபெஸ்டின் கம்பி வாத்தியங்களும் சென்னையின் குரல்களும் அமெரிக்கக் குரல்களும் சந்திப்பது ஒலிப்பதிவு மேசையில்தான். அந்த வகையில் எல்லா நவீன இசைத்தொகுப்புகளும் மின்னணு இசைதாம். யாரை முன்னால் நிறுத்துவது, யாரைப் பின்னணியில் கரைப்பது என்பது ஒலிக்கலவையில் முடிவாகிறது. கோரஸ் பெண்களுக்குக் கரைவதே தொழில்.

1960களில் இங்கிலாந்தில் மெல்லோட்ரான் என்றொரு கருவி வந்தது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஓர் ஒலிநாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் எப்போதோ யாரோ வாசித்ததோ பாடியதோ ஒலிக்கும். பிறகு அந்த நாடா சில்லுக்குள் போனது. இன்று எந்தக் கீபோர்டிலும் ‘ஆ’ என்று இழுக்கும் பெண்குரல் கோரஸ் ஒரு பொத்தான். அந்த ‘ஆ’வைப் பாடிய பெண்களும் ஒருநாள் ஒரு ஸ்டூடியோவுக்குப் பேருந்தில் வந்திருப்பார்கள், தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்திருப்பார்கள். இப்போது மூச்சு வாங்கத் தேவையில்லாத குரலாக, எந்தச் சுருதியிலும் எவ்வளவு நேரமும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கணினியும் கீபோர்டும் மையமானபோது, கூட்டமாக வாசித்த கலைஞர்களின் வேலை எப்படிக் குறைந்தது என்பதைப் பலர் பேசியிருக்கிறார்கள். கோரஸ் பாடிய பெண்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அந்தச் சூழலில் ஒரு முழு வாத்தியக்குழுவை, மூச்சுள்ள மனிதர்களை வைத்துப் பதிவுசெய்வேன் என்று 2005இல் இளையராஜா நின்றது ஓர் அழகியல் நிலைப்பாடு மட்டுமல்ல, அறநிலைப்பாடும்கூட என்று நான் கருதுகிறேன்.

ஆனால் மூச்சுள்ள வாத்தியக்குழுவும் பால் சமத்துவத்தின் வீடாக இருந்ததில்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 1997இல்தான். மின்னணு இசையிலோ தொடக்கத்திலேயே பெண்கள் இருந்தார்கள், பெயர்தான் இல்லை. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கான முகப்பிசையை 1963இல் நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கியவர் டீலியா டெர்பிஷைர். இசைக்குறிப்பை எழுதிய ரான் கிரெய்னர், பெருமையைப் பகிர விரும்பியும் நிறுவன விதி இடம் தரவில்லை. திரையில் அவர் பெயர் வந்தது 2013இல், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நம் நாட்டிலும் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மூக் சிந்தசைசர் வந்திறங்கி மின்னணு இசைக்கூடம் உருவானது. அங்கே இசையமைத்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். பக்காவஜ் பயின்றவர். 1940களில் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர். ஜான் கேஜின் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாக இருந்த அவருடைய இசையை, நாடாக்களை மீட்டெடுத்து 2023இல் வெளியிட்ட பிறகுதான் நம்மால் கேட்க முடிந்தது.

பவதாரிணியை நான் இந்த வரிசையில் நினைத்துக்கொள்கிறேன். ‘பாரதி’ படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்ற பாடகி என்று அவரைத் தெரியும். இசையமைப்பாளர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ரேவதி இயக்கி, பெரும்பாலும் பெண்களே பணியாற்றிய ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ படத்துக்கு 2002இல் இசையமைத்தவர் அவர். 2024 ஜனவரியில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் அவரை மகளாகவும் தங்கையாகவும் குரலாகவும் நினைவுகூர்ந்தன. இசையமைத்தவராக நினைவுகூர்ந்தவை சில. ‘முத்து நற்றாம’த்தில் கூட்டத்தோடு கலந்து ஒலிக்கும் அந்தக் குரலைக் கேட்கும்போது, உரலைச் சுற்றி நிற்கும் பெண்களில் ஒருத்தி உரலையே வடிவமைக்கத் தெரிந்தவள் என்ற எண்ணம் வராமலிருப்பதில்லை.

6

திருவாசகத்தில் பெண் இரண்டு இடங்களில் நிற்கிறாள். ஓரிடத்தில் அவள் குரல், இன்னோரிடத்தில் அவள் ஆபத்து. தொகுப்பின் கம்பீரமான பாடல்களில் ஒன்றுக்கு மூலமான அச்சப்பத்து, பாம்புக்கு அஞ்சேன், வேலுக்கு அஞ்சேன் என்று அடுக்கிக்கொண்டு போகும். அந்தப் பதிகத்தின் அடுக்கில் வளையணிந்த பெண்களின் கடைக்கண்ணும் உண்டு. நோய், யானை, புலி ஆகியவற்றோடு நாமும் ஒரு வரி. போற்றித் திருவகவலில் உயிர் தாண்டிவரும் கண்டங்களில் முதலாவது கருப்பை. மாதம் மாதமாக அதிலிருந்து பிழைத்ததைச் சொல்லும் கவி, பத்தாம் மாதத்தில் மட்டும் தாயும் துன்பப்படுகிறாள் என்று ஒரு கணம் நினைத்துப்பார்க்கிறார். அந்த ஒரு கணத்துக்காக நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். பிறகு பெண்ணின் கண்ணிலிருந்தும் பிழைக்க வேண்டியதாகிறது.

சுண்ணம் இடிக்கும்போது தோழி, முத்திக்குப் போகும்போது தடை. இந்த முரணை எந்தச் சைவ உரையும் என் வகுப்புப் பெண்களுக்கு விளக்கித் தந்ததில்லை. ஓர் இசையமைப்பு தந்திருக்க முடியும். இசைக்கு முரணை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் வசதி இருக்கிறது, அதன் பெயரே எதிரிசை. இரண்டு மெட்டுகள் ஒன்றையொன்று மறுத்தபடி ஒன்றாக நடக்கலாம். இளையராஜா அந்த வித்தையில் தமிழ்நாட்டில் ஈடிணையற்றவர். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பில் தியாகராஜரையும் பாக்கையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டவர். அஞ்சாத ஆணும் இடிக்கும் பெண்ணும் ஒரே பாடலில் எதிரிசையாகச் சந்தித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுவது, அவரால் முடியும் என்பதால்தான்.

விடுபட்டவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் திருச்சாழல் பற்றியது. இருபது பாடல்கள், இரண்டு பெண்கள். ஒருத்தி சிவனைக் கிண்டல் செய்து கேள்வி கேட்கிறாள். சாம்பல் பூசுகிறானே, பிச்சை எடுக்கிறானே, சுடுகாட்டில் ஆடுகிறானே, இவனெல்லாம் கடவுளா? மற்றவள் பதில் சொல்கிறாள். பெண்கள் இறையியல் விவாதம் செய்யும் வடிவம் இது. இங்கே அழகு வர்ணனைக்கு நேரமில்லை, வாதம் நடக்கிறது. இரண்டு பெண்குரல்களும் ஒரு சிறிய கம்பி வாத்தியக்குழுவும் போதும். கேட்கும் பெண் ஜெயிக்கக்கூடும் என்ற சாத்தியத்தை இசை கடைசிவரை திறந்து வைத்திருக்கலாம்.

7

அப்படியொரு படைப்பு வேண்டும் என்று சொல்வதற்கு நமக்கு மாணிக்கவாசகரைவிடவும் பழைய ஆதாரம் இருக்கிறது. காரைக்கால் அம்மையார், அறுபத்துமூவரில் இடம்பெற்ற மூன்று பெண்களில் ஒருவர். பதிக வடிவத்தைச் சைவத்துக்குத் தந்தவர் என்பதால்தான் அவருடைய திருவாலங்காட்டுப் பதிகங்களை ‘மூத்த திருப்பதிகம்’ என்கிறோம். நட்டபாடையிலும் இந்தளத்திலும் பாடப்படுபவை அவை. வற்றிய முலையும் குழிந்த கண்ணும் கொண்ட பேயுருவாகப் பெண்ணை அவர் வரைந்துவைத்தார். அந்த உடலைப் பார்த்து எந்தப் பக்தனும் கடைக்கண்ணுக்கு அஞ்சேன் என்று பாட வேண்டியதில்லை. அந்தப் பதிகத்தின் ஒரு பாட்டில் ஏழிசையின் பெயர்களும், தக்கை, வீணை, குடமுழா, கொக்கரை, மொந்தை, மத்தளம், தமருகம், துந்துபி என்று நீளும் வாத்தியங்களின் பெயர்களும் வருகின்றன. சுடுகாட்டில் ஆடுபவனுக்கு ஒரு முழு வாத்தியக்குழுவை அமைத்துக்கொடுத்திருக்கிறார் ஒரு பெண். தமிழில் ஒரு பெண் எழுதிய முதல் வாத்திய அமைப்பு என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வாசிக்கத்தான் ஆளில்லாமல் இருக்கிறது.

2021இல் பெருங்குடிக்குத் தெற்கே, மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் சுகாஞ்சனா ஓதுவாராக நியமிக்கப்பட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சம்பளத்துக்குத் திருமுறை பாடுவது இயல்பான காட்சியாக மாற நமக்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின. அவர் வாயில் ‘வினையேன்’ என்ற சொல் வரும்போது இலக்கணம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்காது. அந்தச் சொல் அவருக்காகவும்தான் காத்திருந்தது.

இளையராஜாவின் முதல் முழு சிம்பொனியான ‘வேலியன்ட்’ 2025இல் இலண்டனில் அரங்கேறிய நாள் மார்ச் 8. தேதி தற்செயலாக அமைந்திருக்கலாம், அதற்குப் பொருள் கற்பிக்க மாட்டேன். ஆனால் தமிழிலிருந்து உலகக் கச்சேரி மேடைக்குப் போகும் பாதையை ஒரு மனிதர் தனியாக வெட்டிவிட்டார் என்பது உறுதியாகிவிட்டது. பாதை இருக்கிறது. இனி அதில் நடக்கப்போகும் இசையமைப்பாளர்களான பெண்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். உங்கள் வாத்தியக்குழுவில் வயலின்களுக்கும் சிந்தசைசருக்கும் நடுவே ஓர் உரலுக்கு இடம் வையுங்கள். இரண்டு பேர் குத்தட்டும். இடிப்பவர்கள் பெயரை உறையின் மேல் போடுங்கள்.